ஏழாம் கட்டிலுக்குப் போன இரத்தம்

யாராவது கேட்டிருந்தால் இறந்துபோன அந்த அம்மா தன் பெயரைச் சொல்லியிருப்பாரா என்று சப்-இன்ஸ்பெக்டர் சிடோலோ என்னிடம் முதலில் கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

என் பெயர் தொவேரா கோண்ட்வே. வயது 48. மலாவி நாடு, நச்சிம்பா மாவட்ட மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு, வீட்டு எண் 14இல் வசிக்கிறேன். சொந்த ஊர் வடக்கே. செவிலியர் பட்டமும் மருத்துவ அறவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றவள். ஆறு ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் தர மேம்பாட்டு அலுவலராக வேலை பார்க்கிறேன். சிகிச்சையில் நேரும் தவறுகளைக் கண்டறிந்து, அவை மறுபடி நேராமல் செய்வது என் வேலை. 2019 ஜூலை 17, புதன்கிழமை, பகல் 11.40 மணிக்கு நச்சிம்பா காவல் நிலையத்துக்கு நானாக வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் வயதுவந்த பெண்ணை அவருடைய சொந்தப் பெயரால் யாரும் அழைப்பதில்லை. குலப்பெயருக்கு முன்னால் 'நா' சேர்த்து அழைப்பது மரியாதை. தெம்போ குலத்துப் பெண் நாதெம்போ. சப்-இன்ஸ்பெக்டருக்கு இது தெரியும். மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர் என்பதால் எழுதச் சொன்னேன்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் இரத்தம் ஏற்றும் படிவத்தில் நான் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தேன். 'நோயாளி தன் முழுப் பெயரைத் தன் வாயால் சொன்னார்' என்பது அந்தக் கட்டம். சொன்னபின் செவிலியர் அதில் குறியிட வேண்டும். முதல் வாரத்திலேயே பெண்கள் பிரிவில் ஒரு மாணவச் செவிலியர் அறுபது வயதிருக்கும் ஒருவரிடம் போய், "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்டார். அவர், "எதுக்கு, பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "மாப்பிள்ளை பாக்குறாங்கடி உனக்கு" என்றார். பிரிவு முழுவதும் சிரித்தது. மாணவி படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு பிரிவின் பொறுப்புச் செவிலியர் அகதா லிகோஸ்வே என் அறைக்கு வந்தார். "மேடம், நீங்க வடக்கு. உங்க ஊர்ல எப்படியோ. இங்க தாய் வயசுக்காரிகிட்டப் பேர் கேட்டா, கேட்டவளைத் திட்டமாட்டாங்க, அவளைப் பெத்தவளைத்தான் திட்டுவாங்க" என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான், அங்கே 'நியா' சேர்த்து என்னையும் நியாகோண்ட்வே என்றுதான் அழைப்பார்கள் என்றேன். "அப்போ தெரிஞ்சேதான் கேக்கச் சொல்றீங்க" என்றார். ஆம் என்றேன். "சரி, ஒரு நாள் நீங்க வந்து கேளுங்க, நான் நின்னு பாக்குறேன்" என்றார். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் குறி இருந்தது. இந்த ஆண்டு ஏப்ரலில் நான் நாற்பது படிவங்களைத் தணிக்கை செய்தேன். முப்பத்தொன்பதில் குறி இருந்தது. அதே வாரத்தில் இரண்டு நாள் பெண்கள் பிரிவில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு முறை இரத்தம் ஏற்றினார்கள். பன்னிரண்டு முறையும், "நீங்க நாபிரி தானே? நீங்க நாதெம்போ தானே?" என்று கேட்டார்கள். நோயாளிகள் ஆம் என்று தலையசைத்தார்கள். ஒருவர்கூடத் தன் பெயரைத் தானே சொல்லவில்லை. கையில் கட்டும் பெயர்ப்பட்டை மார்ச்சிலேயே தீர்ந்துபோயிருந்தது. அதற்காக மருந்துக் கிடங்குக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. இவ்வளவும் தெரிந்தும் அறிக்கையில் தொண்ணூற்றேழரை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அறிக்கைக்காக எங்கள் மருத்துவமனைக்கு மண்டல அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. அது வெளிநோயாளர் வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது.

சீட்டுப் பெட்டியைப் பற்றிச் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதால் அதையும் சொல்கிறேன். பிப்ரவரியில் சலவை அறைக்குப் போகும் நடையில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்றை வைத்தேன். தான் செய்த தவற்றையோ, கண்ட தவற்றையோ யாரும் பெயர் போடாமல் எழுதி அதில் போடலாம். சாவி என்னிடம் மட்டும் இருக்கும். திங்கள்தோறும் காலை பத்து மணிக்குத் திறப்பேன். இதை அறிவித்த கூட்டத்தில் நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள். இரத்தப் பரிசோதனைக் கூடத்து ஹாஸ்வெல் கச்சிங்வே கையைத் தூக்கி, "மேடம், காதல் கடிதம் போட்டாலும் படிப்பீங்களா?" என்றார். படிப்பேன், எழுத்துப்பிழை திருத்தித் திருப்பித் தருவேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் அவரே, "போலீஸ் வந்து கேட்டா?" என்றார். யாருடைய எழுத்து என்று எனக்குத் தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் சீட்டுகள் வரத் தொடங்கின. ஜூலை வரை முப்பத்தொரு சீட்டுகள் வந்தன. ஒன்றில், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துப் புட்டிகள் ஒரே தட்டில் அருகருகே இருக்கின்றன, நேற்று மாற்றி எடுத்துவிட்டு ஊசி போடுமுன் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. அன்றே ஒன்றை வேறு அலமாரிக்கு மாற்றினோம்.

ஜூலை 11, வியாழக்கிழமை, பெண்கள் பிரிவில் இரண்டு நாதெம்போக்கள் இருந்தார்கள். பதினோராம் கட்டிலில் இருந்தவர் ஃபெலெஸ்தா தெம்போ, வயது 52. ஏழாம் கட்டிலில் இருந்தவர் எனெலெஸ் தெம்போ, வயது 56. இருவரும் இரத்தத்துக்குக் காத்திருந்தார்கள். ஃபெலெஸ்தாவின் இரத்தம் ஏ வகை. எனெலெஸின் இரத்தம் ஓ வகை, அதோடு ஏ வகை சேராது. பகல் இரண்டு மணிக்கு ஹாஸ்வெல் கச்சிங்வே ஏ வகை இரத்தப் பை ஒன்றைத் தன் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, தானே பிரிவுக்குக் கொண்டுபோய் மேசையில் கொடுத்தார். அந்தப் பை ஏழாம் கட்டிலில் ஏற்றப்பட்டது. பாதி இறங்கியபோது எனெலெஸ் அவர்களுக்குக் குளிர் கண்டது, இடுப்பு வலிப்பதாகச் சொன்னார். உடனே நிறுத்தினார்கள், மருத்துவரையும் அழைத்தார்கள். மீதி இரத்தத்தோடு பையைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, மாலை மற்றக் கழிவுகளோடு எரித்துவிட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எனெலெஸ் தெம்போ இறந்தார்.

இரத்தம் ஏற்றிய படிவத்தில் பெயர் கேட்ட கட்டத்தில் குறி இருக்கிறது. ஏற்றியவர் கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருக்கிறது. அன்று பணியில் மூன்று செவிலியரும் இரண்டு மாணவியரும் இருந்தார்கள். ஐவரையும் காவல்துறை விசாரித்ததாகவும் ஐவரும் தாங்கள் இல்லை என்று சொன்னதாகவும் அறிகிறேன்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தபின் எழுபது எண்பது பேர் பரிசோதனைக் கூடத்தின் முன் கூடினார்கள். ஊசியால் மனித இரத்தத்தை உறிஞ்சிக் கொல்பவர்கள் இருக்கிறார்கள் என்று ஊரில் முன்பே ஒரு பேச்சு உண்டு. "சிவப்புப் பையைத் தூக்கிட்டு வந்தவன் அவன்தான்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. காவலர்கள் ஹாஸ்வெலைக் கூட்டத்திலிருந்து மீட்டு வண்டியில் ஏற்றினார்கள். அப்போது அது அவருடைய பாதுகாப்புக்கு என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். அதன் பிறகு அவர் மீது வழக்குப் பதிவாயிற்று. நடந்தவை அனைத்திலும் காகிதத்தில் இருந்த ஒரே கையெழுத்து அவருடையது. பரிசோதனைக் கூடத்தைப் பூட்டி முத்திரை வைத்துச் சாவியை நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள்.

ஜூலை 15, திங்கள்கிழமை, காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு சீட்டு இருந்தது. அதன் சாரம் வருமாறு: வியாழனன்று ஏழாம் கட்டிலில் இரத்தம் ஏற்றியது நான். நீங்கள் நாதெம்போ தானே என்று கேட்டேன். ஆம் என்றார், இரத்தம் எப்போது வரும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாதெம்போ இருப்பது குளிர் கண்டபின்தான் எனக்கு நினைவு வந்தது. சீட்டில் இருந்த இவ்வளவையும் என் சொற்களில் சொல்லியிருக்கிறேன். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு வரிகளை விட்டுவிட்டேன். விட்டது எனக்குத் தெரிந்தே விட்டது.

சீட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அன்று பகல் இரண்டு மணிக்கு ஹாஸ்வெலை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்று மணிக்குக் காவல் பதினான்கு நாள் நீட்டிக்கப்பட்டது என்று செய்தி வந்தது.

திங்கள் பிற்பகல் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். யோசித்தேன். செவிலியருக்கு அறவியல் வகுப்பு எடுப்பவள் நான். விளைவைப் பார்த்து முடிவெடுப்பது ஒரு வழி, கடமையைப் பார்ப்பது ஒரு வழி, நேர்மையான ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்வார் என்று பார்ப்பது ஒரு வழி என்று சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விளைவைப் பார்த்தால், சீட்டு வெளியே போனால் இனி எவரும் எழுதமாட்டார்கள், அதனால் எத்தனை பேர் சாவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஹாஸ்வெல் ஒருவர், அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். கடமையைப் பார்த்தால், கொடுத்த வாக்கைக் காப்பதும் கடமை, குற்றமில்லாதவரைக் காப்பதும் கடமை. மூன்றாவதை எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அறிக்கையும் சான்றிதழும் என் யோசனையில் குறுக்கே வரவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல வேலைக்குப் போனேன். மதியம் மருத்துவமனை வாசலில் ஹாஸ்வெலின் மனைவி மேனெஸ் என்னை நிறுத்தினார். நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்விட்டு வந்திருந்தார், கையில் காலித் தூக்குப்பாத்திரம் இருந்தது. "உள்ள மீன்ல முள்ளு பாக்கக்கூட வெளிச்சம் இல்லையாம் மேடம். நிசிமாக் களியை மட்டும் தின்னுட்டு மீனை அடுத்தவருக்குக் குடுத்துட்டாராம். அவர் என்ன தப்பு பண்ணினாருன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றார். விசாரணை நடக்கிறது, முடியட்டும் என்றேன். "ஆஸ்பத்திரியில விசாரணைன்னா அது நீங்கதானே மேடம்?" என்றார். அவர் பாத்திரத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போனார்.

அதே நாள் மாலை நான்கு மணிக்கு இறந்தவரின் மகள் லிகினெட் இறப்புச் சான்றிதழுக்காக வந்தார். பெயரை எப்படி எழுதுவது என்று எழுத்தர் கேட்டதற்கு அவர் தயங்கினார். என்னிடம், "அடக்கத்துல பாதிரியார் எனெலெஸ்னு கூப்பிட்டப்போ யாரையோ சொல்றாருன்னு நெனச்சேன் அக்கா. அப்பாகூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றார். அதன் பிறகு, "அந்த லேப்காரரு வேணும்னா செஞ்சாரு?" என்று கேட்டார். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்றேன். "அப்போ வேணும்னு இல்லாம யாரு செஞ்சாங்க?" என்றார். எழுத்தர் படிவத்தை நீட்டியதால் அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

இன்று, புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்து பரிசோதனைக் கூடத்துச் சாவி கேட்டேன். எதற்கு என்று பாராக் காவலர் கேட்டார். பதிவேடு பார்க்க வேண்டும் என்றேன். "இதை வந்து கேக்க இவ்ளோ நாளா மேடம்? நாங்க ஒண்ணும் பரலோகத்துச் சாவி வச்சுக்கிட்டு இல்லையே" என்று சொல்லி, ஏட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு காவலரையும் உடன் அனுப்பினார். பத்து நிமிடத்தில் கூடம் திறந்தது. ஹாஸ்வெலின் பதிவேட்டில் ஜூலை 11ஆம் தேதிப் பக்கத்தில் பை எண், ஏ வகை, ஃபெலெஸ்தா தெம்போ, கட்டில் 11, பெற்ற நேரம், கொடுத்த நேரம் எல்லாம் அவர் கையால் எழுதியிருக்கிறது. இரு பெண்களின் இரத்த மாதிரிகளும் பெயரெழுதிய குழாய்களில் குளிர்பெட்டியில் இருக்கின்றன. அவர் அனுப்பிய இரத்தம் பதினோராம் கட்டிலுக்கானது, அது சரியான இரத்தம். தவறு பிரிவில் கட்டிலருகே நடந்தது. இதைச் சொல்ல எந்தச் சீட்டும் தேவையில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டத் தெரிந்த எவரும் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். மருத்துவமனையில் அதைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. பதிவேட்டை உடன் வந்த காவலர் கைப்பற்றினார். நான் அவருடனேயே வந்து இதைச் சொல்கிறேன்.

சீட்டை ஒப்படைக்கும்படி சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒப்படைக்க இயலாது என்றேன். எழுதியவர் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கீழ்க்கண்ட பேச்சு அதன் பிறகு நடந்தது. நான் கேட்டுக்கொண்டதால் அப்படியே எழுதப்படுகிறது.

"தெரியும்னு சொல்லிட்டு சொல்லமாட்டேன்னா நான் என்ன மேடம் எழுதறது?"

"தெரியும், சொல்லமாட்டேன்னு எழுதுங்க."

"இது பாவமன்னிப்புக் கூண்டு இல்ல, போலீஸ் ஸ்டேஷன். ஒரு அம்மா செத்திருக்காங்க."

"மறக்கல. யாராவது ஒருத்தர் பேர் வேணும்னா என் பேரை எழுதுங்க. நடக்காததை நடந்ததா எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆள் நான் இருக்கேன், கையெழுத்தும் இருக்கு."

"உங்களை உள்ள வச்சா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அடுத்த மாசம் அவளுக்குப் பிரசவம், உங்க ஆஸ்பத்திரியிலதான்."

"அப்போ அவங்க பேரை அவங்க வாயாலயே சொல்லச் சொல்லி அனுப்புங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சீட்டைக் கேட்டு நீதிமன்றத்தில் மனு போடப்போவதாகச் சொன்னார். அது அவர் கடமை என்றேன். நீதிமன்றம் உத்தரவிட்டாலும் கொடுக்கமாட்டீர்களா என்று கேட்டார். அப்போது என்ன செய்வேன் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. சீட்டை அழிக்கமாட்டேன் என்று மட்டும் உறுதி சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் திருத்திச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இதில் உள்ளவை நான் கண்டவையும் செய்தவையும் செய்யாமல் விட்டவையும் ஆகும்.

ஒப்பம்: தொ. கோண்ட்வே, 17.7.2019

கூடுதல் வாக்குமூலம், 2019 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மறுநாள் நடந்ததையும் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டதால் பதிவாகிறது.

ஜூலை 18, வியாழக்கிழமை, காலை மாஜிஸ்திரேட் பதிவேட்டைப் பார்த்தார். ஹாஸ்வெல் கச்சிங்வே மீதான வழக்கைத் திரும்பப் பெறுவதாக அரசுத் தரப்பு சொன்னது, அவர் விடுவிக்கப்பட்டார். சீட்டைக் கேட்ட மனு மீது உத்தரவு இல்லை, அடுத்த மாதம் ஆறாம் தேதிக்குத் தள்ளிவைத்தார். லிகினெட் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். தவறு எங்கே எப்படி நடந்தது என்பதை வெளியே மர நிழலில் நின்று அவரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பெயர் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னை அக்கா என்று அழைக்கவில்லை.

பகல் பன்னிரண்டரை மணிக்கு ஹாஸ்வெல் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வந்தார். ஐந்து நாள் தாடியோடு இருந்தார். பரிசோதனைக் கூட வாசலில், நிலையம் திருப்பித் தந்த சாவியோடு நான் நின்றேன். முதலில் வணக்கம் சொன்னார். அதன் பிறகு, "எழுதினது யாருன்னு எனக்கு வேணாம் மேடம். கூட்டத்துல சொன்னபடி செஞ்சீங்க, அது சரி" என்றார். நான் நன்றி சொன்னேன். "பெட்டியை என்னிக்குத் தெறந்தீங்க?" என்று கேட்டார். திங்கள் காலை பத்து மணிக்கு என்றேன். "இந்தச் சாவியை ஸ்டேஷன்ல என்னிக்குக் கேட்டீங்க?" என்றார். புதன்கிழமை என்றேன்.

அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். உள்ளே போய்க் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கூடம் மூடியிருந்த நாட்களில் இரத்தம் பொருந்துமா என்று பார்க்க மாதிரிகளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தோம். அன்று அனுப்ப வைத்திருந்த நான்கு மாதிரிகள் மேசையில் இருந்தன. முதல் குழாயை எடுத்துப் பெயரைப் படித்துவிட்டு, பிரிவிலிருந்து அதைக் கொண்டுவந்த செவிலியரிடம், "இது எந்த நாபிரி? போய் அவங்க வாயாலயே பேரைக் கேட்டுக்கிட்டு வா, நான் காத்திருக்கேன்" என்றார். என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. செவிலியர் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நான் அங்கேயே நின்றேன். அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டதாகச் செவிலியர் சொன்னார். ஹாஸ்வெல் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

படித்துப் பார்த்தேன். சரி.

ஒப்பம்: தொ. கோண்ட்வே, 19.7.2019